கூரைக்குள் ஒரு திடல்



வேலை முடிந்து, குளித்து, விளக்கேற்றி, இரவுச் சமையலுக்கு இடையே வானொலிப் பக்கம் காது கொடுக்கும் தாய்மார்களே, தந்தையரே, பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைய உரையில் ஒரு வீட்டின் கதையைச் சொல்லப் போகிறோம். அந்த வீட்டில் குடித்தனம் இல்லை; அடுப்பும் இல்லை. ஆனால் பத்தாயிரம் பேர் ஒரே கூரையின்கீழ் அமரலாம். நம் நாட்டில் முதன்முதலாகக் கட்டப்பட்ட உள்ளரங்க விளையாட்டு மண்டபமான கோலாலம்பூர் நெகாரா அரங்கத்தையே குறிப்பிடுகிறோம்.

ஜொகூர் மாநிலத்தின் தோட்டமொன்றில் பாடம் நடத்தும் நமக்குத் தலைநகரத்து மண்டபத்தோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. முதலில் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயின்ற ஒரு மாணவி பூப்பந்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். அவளுடைய தாயார் செம்பனை நாற்றுமேடையில் வேலை பார்ப்பவர். தந்தை லாரி ஓட்டுநர். பள்ளித் திடலின் ஓரத்தில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, பழைய மீன்வலையைக் கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு விளையாடுவார்கள் எங்கள் பிள்ளைகள். அந்தத் திடலில் அவளை வெல்ல ஆறாம் ஆண்டுப் பையன்களாலும் இயலாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மர உச்சியைப் பார்த்தே கணித்துக்கொள்வாள். காற்றை எதிர்த்து அடிக்க வேண்டிய பக்கத்தில் நின்றால் பலமாக அடிப்பாள். காற்று துணை நிற்கும் பக்கத்தில் மெதுவாகத் தட்டுவாள்.

வட்டாரப் போட்டிக்கு அவளைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்றோம். போட்டி ஓர் உள்ளரங்க மண்டபத்தில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் அந்தப் பிள்ளை அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். ஆட்டம் தொடங்கியது. அவள் அடித்த பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. பள்ளிக்குப் போட்டுச் செல்லும் வெள்ளைக் கான்வாஸ் காலணி வழவழப்பான தரையில் இரண்டு முறை வழுக்கிவிட்டது. மேலே எரிந்த விளக்கு கண்ணைக் கூசியது. முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். வேனில் திரும்பி வரும்போது அழவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டாள்: “ஐயா, அங்கே காற்றே இல்லையே, எதைப் பார்த்து அடிப்பது?”

நேயர்களே, அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. பிள்ளைக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தோம்; ஆட்டம் எங்கே ஆடப்படுகிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. போட்டிக்கு முன் ஒரே ஒரு நாளாவது ஒரு மண்டபத்துக்குள் அவளை அழைத்துச் சென்றிருக்க வேண்டும். குற்றம் ஆசிரியர்களாகிய எங்களுடையதே. அன்றுமுதல் இந்த உள்ளரங்குகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றுள் சிலவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பூப்பந்து ஏன் கூரையைத் தேடுகிறது என்பதை முதலில் காண்போம். காற்பந்து மழையிலும் உருளும். ஹாக்கிப் பந்து வெயிலிலும் ஓடும். பூப்பந்தோ வெறும் 16 இறகுகளையும் ஒரு தக்கைக் கட்டையையும் சேர்த்துச் செய்த பொருள். வாத்தின் அல்லது பெருவாத்தின் சிறகிலிருந்து அந்த இறகுகளை எடுக்கிறார்கள். விதிப்படி அதன் எடை 4.74 கிராமுக்குக் குறையக் கூடாது; 5.50 கிராமைத் தாண்டவும் கூடாது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். இவ்வளவு இலேசான பொருளை ஒரு சிறு காற்றுகூடத் திசைமாற்றிவிடும்.

ஆயினும் வேகத்தில் அதற்கு நிகரான பந்து வேறு விளையாட்டில் காண்பது அரிது. 2023ஆம் ஆண்டு இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி ஒரு சோதனையில் அடித்த அடி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையைவிட்டுப் புறப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. அப்படிப் புறப்படும் பந்து, இறகுகள் காற்றைத் தடுப்பதால், சில அடி தூரத்திலேயே வேகம் தணிந்துவிடுகிறது. வேகமும் தளர்ச்சியும் இப்படி அடுத்தடுத்து வருவதே இந்த ஆட்டத்தின் நுட்பம். அந்த நுட்பத்தைக் காற்று கெடுத்துவிடாமல் காப்பதற்குத்தான் சுவரும் கூரையும்.

கூரை என்றால் ஏதோ ஒரு கூரை போதாது. ஆட்டக்களம் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். அதை அடக்க ஒரு நடுத்தர மண்டபமே போதும். ஆனால் பந்து உயரே போகும் ஆட்டம் இது. உலகத் தரப் போட்டிகளுக்குக் களத்துக்கு மேலே 12 மீட்டர் உயரம் வெற்றிடமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் தோட்டத்து மண்டபங்களில் விளையாடியவர்களுக்கு இதன் காரணம் தெரியும். பந்தை உயரத் தூக்கி அடித்தால் குறுக்குச் சட்டத்தில் பட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். பிறகு ஒரு பையன் துடைப்பக் கட்டையோடு நாற்காலிமேல் ஏறவேண்டும். அதோடு, வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சுவர் வெள்ளையாக இருக்கக் கூடாது. விளக்கும் ஆடுபவர் கண்ணுக்கு நேரே எரியக் கூடாது. இவ்வளவும் சேர்ந்ததே ஓர் உள்ளரங்கம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டின் உள்ளரங்கக் கதை ஒரு கிண்ணத்திலிருந்து தொடங்குகிறது. தாமஸ் கிண்ணம் என்னும் ஆடவர் குழுப் போட்டி முதன்முதலாக 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் முடிவுற்றபோது, டென்மார்க்கை 8–1 எனத் தோற்கடித்துக் கிண்ணத்தை வென்றது மலாயா. அப்போது நாடு விடுதலை அடையவில்லை. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். அவசரகாலமும் தொடங்கிவிட்ட நேரம். அத்தகைய நேரத்தில் கிடைத்த வெற்றி அது.

அந்தக் குழுவில் இருந்த வோங் பெங் சூன் நம் ஜொகூர் பாருவில் பிறந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உலகின் மிகப் பழைய பூப்பந்துப் போட்டியான அகில இங்கிலாந்துப் போட்டியில், ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. 1950, 1951, 1952, 1955 என நான்கு முறை அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. கடைசி முறை வென்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது.

கிண்ணத்தை வென்ற நாட்டிலேயே அடுத்த இறுதிச் சுற்று நடக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. வென்றவர்களுக்கு வீடு வேண்டுமல்லவா? 1952ஆம் ஆண்டில் இறுதிச் சுற்று சிங்கப்பூரின் ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் இருந்த கூரையிட்ட அரங்கத்தில் நடந்தது. ராட்டினமும் கடைகளும் நாடகக் கொட்டகையும் நிறைந்த இடம் அது. அங்கே மலாயா அமெரிக்காவை 7–2 என வென்றது. அதே 1952ஆம் ஆண்டில் கில்மார்ட் சாலையில் பூப்பந்துக்கென்றே சிங்கப்பூர்ப் பூப்பந்து மண்டபம் திறக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டின் இறுதிச் சுற்று அங்கே நடந்தது; மலாயா மூன்றாம் முறையாக வென்றது. 1958ஆம் ஆண்டில் அதே மண்டபத்தில் இந்தோனேசியா நம்மை 6–3 எனத் தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

ஆக, மலாயா புகழ்பெற்ற அந்தப் பத்தாண்டுகளில் தீபகற்பத்தில் அத்தகைய பெரிய போட்டிக்கேற்ற அரங்கம் இல்லை. ஜொகூர் நீரிணைப் பாலத்தைத் தாண்டித்தான் ஆட்டம் பார்க்கப் போகவேண்டியிருந்தது.

1957ஆம் ஆண்டு விடுதலை வந்தது. விடுதலையை அறிவிப்பதற்கென்றே தலைநகரில் ஒரு மேட்டு நிலத்தில் மெர்டேக்கா அரங்கம் எழுந்தது. ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் அதைக் கட்டி முடித்தார்கள். பொதுப்பணி இலாகாவின் ஸ்டான்லி ஜூக்ஸ் அதன் வடிவமைப்பாளர். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் காலையில் துங்கு அப்துல் ரகுமான் கையை உயர்த்தி ‘மெர்டேக்கா’ என ஏழு முறை முழங்கியது அங்கேதான். அது திறந்த வெளி அரங்கம்; வானமே அதற்குக் கூரை.

அதன் அருகிலேயே, அதே மேட்டில், அதே ஜூக்ஸின் வடிவமைப்பில் இரண்டாவது அரங்கம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். இதற்குக் கூரை உண்டு. ‘நெகாரா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு நாடு என்று பொருள். நெகாரா அரங்கம் என்றால் நாட்டின் அரங்கம். 1962ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அப்போதைய மாமன்னர் துவாங்கு சையத் புத்ரா அவர்கள் அதைத் திறந்துவைத்தார்கள். விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது.

அந்த மண்டபத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஒன்று. நடுவே தூண்கள் இல்லை. எந்த இருக்கையில் அமர்ந்தாலும் களம் தெரியும். நம் வீட்டில் இருபது அடிக் கூரைக்கே இடையில் ஒரு தூண் கொடுக்கிறோம். அவ்வளவு பெரிய கூரை எப்படித் தூணின்றி நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

இதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியில் கையை வைத்து அழுத்துங்கள். நடுவில் முட்டு எதுவும் இல்லை. ஆனாலும் அது உடைவதில்லை. உச்சியில் நீங்கள் கொடுத்த பாரம் வளைவின் வழியே இறங்கி விளிம்புக்குப் போய்விடுகிறது. விளிம்பு வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். மரப்பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுகிறோமே, அதுபோல விளிம்பைச் சுற்றி ஒரு பலமான வளையம் இருந்துவிட்டால் அது விரியாது. வளைந்த பெருங்கூரைகள் பலவும் இந்தத் தத்துவத்தில்தான் நிற்கின்றன. பாரத்தை நடுவில் தாங்காமல் சுற்றியிருப்பவை எல்லாம் பகிர்ந்து தாங்குகின்றன. பிள்ளைகளே, நாளைக் காலையில் ஒரு சிரட்டையை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள்.

இந்த அரங்கம் விளையாட்டுக்கு மட்டுமல்லாமல் வேறு பலவற்றுக்கும் பயன்பட்டது. 1965ஆம் ஆண்டும் 1971ஆம் ஆண்டும் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் கோலாலம்பூருக்கு வந்தன. குத்துச்சண்டை, கூடைப்பந்து, மாநாடுகள், இசை நிகழ்ச்சிகள் எனப் பலவற்றை அந்தக் கூரை கண்டது. 1969ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைநகரில் கலவரம் மூண்டபோது, வீட்டை விட்டு ஓடிவந்த குடும்பங்களுக்கு மெர்டேக்கா அரங்கமும் நெகாரா அரங்கமும் புகலிடமாயின. ஆட்டம் பார்க்க அமரும் படிகளில் குழந்தைகளைத் தூங்கவைத்த நாள்கள் அவை. ஊருக்குப் பொதுவான ஒரு கூரை எதற்கெல்லாம் உதவும் என்பதை வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஜொகூர் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கூரை ஒன்றைக் காக்கிறது என்றால் வேறொன்றைப் பெருக்கவும் செய்கிறது. அது ஒலி. இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1967ஆம் ஆண்டு தாமஸ் கிண்ண இறுதிச் சுற்று ஜகார்த்தாவின் செனாயான் உள்ளரங்கத்தில் நடந்தது. மலேசியா 4–3 என முன்னணியில் இருந்தது. எட்டாவது ஆட்டத்தில் நம்முடைய இங் பூன் பீயும் டான் யீ கானும் ஆடிக்கொண்டிருந்தபோது, தம் நாட்டுக் குழு தோற்றுவிடுமோ என்ற பதற்றத்தில் பார்வையாளர்கள் போட்ட கூச்சல் எல்லை மீறியது. ஆட்டக்காரர்களைத் திசைதிருப்பும் அளவுக்கு அமளி வளர்ந்தது. நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மிச்சத்தை நியூசிலாந்தில் ஆடி முடிக்கலாம் என்றது அனைத்துலகச் சங்கம். இந்தோனேசியா அதற்கு இணங்கவில்லை. முடிவில் கிண்ணம் 6–3 என மலேசியாவுக்கு வழங்கப்பட்டது.

திறந்த திடலில் போடும் கூச்சல் காற்றோடு போய்விடும். கூரையின்கீழ் போடும் கூச்சல் சுவரில் மோதித் திரும்பி வரும். கைதட்டுவதற்கும் ஒரு பண்பு வேண்டும் என்பதை அந்த நாள் உலகுக்கு உணர்த்தியது. பள்ளிப் போட்டிகளில் எதிரணிப் பிள்ளை தவறவிட்டால் கைகொட்டிச் சிரிக்கும் பெற்றோரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறோம்.

1970ஆம் ஆண்டில் இறுதிச் சுற்று நெகாரா அரங்கத்துக்கு வந்தது. இந்தோனேசியா 7–2 என வென்று கிண்ணத்தை மீட்டுக்கொண்டது. 1984ஆம் ஆண்டு ஆடவருக்கான தாமஸ் கிண்ணமும் மகளிருக்கான ஊபர் கிண்ணமும் முதன்முறையாக ஒரே நேரத்தில் ஒரே ஊரில் நடந்தன. அந்த ஊர் கோலாலம்பூர். அவ்வாண்டு தாமஸ் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தோனேசியா சீனாவை 3–2 என வென்றது. நம் நாட்டவர் சொந்த வீட்டில் விருந்தினர் வெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வந்தது 1992ஆம் ஆண்டு மே 16. இறுதியாட்டத்தில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதின. சிடெக் சகோதரர்களும், பூ கோக் கியோங், சியா சூன் கிட், சூ பெங் கியாங் முதலியோரும் இருந்த குழு அது. மலேசியா 3–2 என வென்றது. 1967ஆம் ஆண்டுக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிண்ணம் நாடு திரும்பியது. அந்நாளில் நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். தோட்டத்தில் தொலைக்காட்சி இருந்த வீடுகளின் முற்றமெல்லாம் நிறைந்திருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பார்த்தவர்களில் நாங்களும் உண்டு. வென்றதும் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடின்றிக் கட்டித் தழுவிக்கொண்டதை இன்றும் மறக்கவில்லை. இந்த உரையை நிகழ்த்தும் நாள்வரை மலேசியா மீண்டும் அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை.

மனிதருக்கு முதுமை வருவது போலக் கட்டடத்துக்கும் வருகிறது. 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புக்கிட் ஜாலிலில் புதிய அரங்கங்கள் எழுந்தன. பெரிய பூப்பந்துப் போட்டிகள் அங்கே இடம்பெயர்ந்தன. 2000ஆம் ஆண்டின் தாமஸ் கிண்ணப் போட்டி அங்கேதான் நடந்தது. பழைய மேட்டில் இருந்த இரண்டு அரங்கங்களையும் இடித்துவிடுவார்களோ என்ற கவலையும் ஒரு காலத்தில் எழுந்தது. நல்லவேளையாக அவை நிலைத்தன. மெர்டேக்கா அரங்கம் தேசியப் பாரம்பரியச் சின்னமாகிப் புதுப்பிக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதையும் பெற்றது. இன்று இரு அரங்கங்களுக்கும் அருகே 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது. அதன் அடியில் நெகாரா அரங்கம் இப்போது சிறிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு புதிய நாடு தன் பிள்ளைகளுக்குக் கட்டிய முதல் விளையாட்டு வீடு அதுதான்.

நம் ஜொகூருக்கு வருவோம். ஜொகூர் பாருவின் லார்க்கின் பகுதியில் 1964ஆம் ஆண்டு ஒரு திறந்த வெளி அரங்கம் எழுந்தது. அந்நாளைய மந்திரி பெசார் தான் ஸ்ரீ ஹாஜி ஹசான் யூனுஸ் அவர்களின் பெயரை அது தாங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறக்கப்படும்வரை ஜொகூர்க் காற்பந்துக் குழுவுக்கு அதுவே தாய்வீடு. 1997ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அங்கே ஜப்பானும் ஈரானும் மோதின. கூடுதல் நேரத்தில் மாசாயுகி ஒக்கானோ அடித்த கோலால் ஜப்பான் 3–2 என வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ‘ஜொகூர் பாருவின் பேரானந்தம்’ என்று ஜப்பானியர் அந்த இரவை இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். நம் ஊரின் பெயர் தூரத்து நாட்டின் பிள்ளைகள் வாயில் இப்படி நிலைத்துவிட்டது.

ஜொகூர் பாரு 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் மாநகரமாயிற்று. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டி ஜொகூர் பாருவின் பண்டாராயா உள்ளரங்கத்துக்கு வந்தது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். ஆடவர் ஒற்றையர் பட்டத்தை நம் லீ சோங் வேய் வென்றார். வோங் பெங் சூன் பிறந்த ஊரில், அவர் முதன்முதலில் கிண்ணம் வென்று ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், நீரிணையைக் கடக்காமலேயே உலகத் தர ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு ஜொகூர் மக்களுக்குக் கிட்டியது.

நம்மவர்களும் அந்தக் கூரைக்குள் நுழைந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் சிரம்பானைச் சேர்ந்த கிசோனா செல்வதுரை. மகளிர் இரட்டையரில் தீனா முரளிதரன், பெர்லி டானோடு சேர்ந்து உலக அரங்குகளில் ஆடிவருகிறார். நம் பெண் பிள்ளைகளால் இயலாது என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

நேயர்களே, இப்போது எங்கள் மாணவியின் கதைக்குத் திரும்புவோம்.

அவள் தோற்று வந்த மறுவாரம் பெற்றோரை அழைத்துப் பேசினோம். பட்டணத்து மண்டபத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குக் களம் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தால் அதைத் தாங்க முடியாது. எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தால் தாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். சிலர் தயங்கினார்கள். ஒருவர், “பொம்பளப் பிள்ளைய இருட்டுற நேரத்துல டவுனுக்கு அனுப்பி என்ன ஆகப்போவுது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு, அச்சமும் உண்டு. நாங்கள் வாதாடவில்லை. சனிக்கிழமை காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம், வேனில் ஒரு தாயார் கூடவே வரட்டும் என்றோம். அந்த மாணவியின் தாயாரே முன்வந்தார். “நானே வர்றேன்யா. எனக்கும் உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்” என்றார்.

அப்படித் தொடங்கியது. வாரந்தோறும் இயலவில்லை, மாதம் இரண்டு சனிக்கிழமைகள். தரையில் கோடு விழாத அடிப்பாகம் கொண்ட காலணிகள் நான்கு சோடி வாங்கி, அளவு பொருந்தும் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். முதல் நாள் மட்டையையே எடுக்கச் சொல்லவில்லை. தரையில் நடக்கச் சொன்னோம். விளக்கைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கச் சொன்னோம். பந்தைக் கையால் எறிந்து அது எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னோம். காற்றை நம்பி ஆடிய பிள்ளைகளுக்குத் தம் கையையே நம்பி ஆடப் பழக்கம் வரச் சில வாரங்கள் பிடித்தன.

மறு ஆண்டு வட்டாரப் போட்டியில் அந்த மாணவி முதல் சுற்றில் வென்றாள். இரண்டாம் சுற்றில் பட்டணத்துப் பள்ளிப் பிள்ளையிடம் தோற்றாள். ஆனால் கடைசிவரை போராடித்தான் தோற்றாள். மேல் படியில் அமர்ந்திருந்த அவளுடைய தாயார் வென்றபோதும் கைதட்டினார். தோற்றபோது எதிரணிப் பிள்ளைக்கும் கைதட்டினார். நாங்கள் பெருமைப்பட்டது அந்தக் கைதட்டலுக்காகவும்தான்.

இதிலிருந்து உங்கள் தோட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் தோட்டத்தில் மண்டபம் இருந்தால் அதைக் கலியாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டும் பூட்டி வைக்காதீர்கள். தரையில் களத்தின் கோட்டைச் சாயத்தால் வரைந்துவிடுங்கள். விழா நாளில் பாய் விரித்தால் கோடு மறைந்துவிடும். கூரை தாழ்வாக இருந்தால் பரவாயில்லை. வலையோரத்து ஆட்டமும் முதல் அடியைப் போடுவதும் பழகலாம். ஒரு பக்கச் சுவரையாவது பச்சையோ நீலமோ பூசுங்கள். பந்து கண்ணுக்குத் தெரியும்.

மண்டபம் இல்லாத தோட்டமாக இருந்தால் கூடிப் பேசுங்கள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளின் குறைந்தபட்சத் தரச் சட்டம், வீட்டையும் பிள்ளைக் காப்பகத்தையும் மருத்துவ வசதியையும் மட்டும் பேசுவதில்லை. சமூக வசதிகளையும் பேசுகிறது. தொழிற்சங்கத் தலைவரைக் கேளுங்கள். நிர்வாகத்திடம் மரியாதையோடும் எழுத்து மூலமாகவும் கேளுங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் அங்குள்ள பொது மண்டபத்தில் எந்த நாளில் என்ன கட்டணம் என்று விசாரியுங்கள். கேட்காமல் கிடைப்பது குறைவு. ஒருவர் கேட்பதைவிடப் பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் வீரர்களாகிவிடுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள். பள்ளிக் குழுவில் ஆடுகிறாள். கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். ஆனால் ஒரு பெரிய மண்டபத்துக்குள் நுழையும்போது இப்போது அவள் அண்ணாந்து பார்த்து நின்றுவிடுவதில்லை. நாளை அது தேர்வு மண்டபமாக இருக்கலாம். நேர்முகத் தேர்வு நடக்கும் அலுவலகமாக இருக்கலாம். இந்த இடம் நமக்கு உரியதா என்ற தயக்கம் அவள் காலைப் பின்னுக்கு இழுக்காது. அந்த ஒன்றுக்காகவே மாதம் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிடலாம் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

கோலாலம்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பிள்ளைகளை அழைத்துச் சென்று மெர்டேக்கா மேட்டைக் காட்டுங்கள். வானளாவிய கோபுரத்தைப் பார்த்த கையோடு, அதன் பக்கத்தில் இருக்கும் பழைய அரங்கத்தையும் காட்டிச் சொல்லுங்கள்: “இந்த நாடு விடுதலை பெற்ற ஐந்தாண்டுக்குள் எல்லாருக்குமாகக் கட்டிய கூரை இது. இதில் உனக்கும் பங்கு உண்டு.”

மீண்டும் வேறொரு உரையில் சந்திப்போம்.